அல்குத்ஸ் எவருடைய நகரம்? சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் பைத்துல் முகத்தஸ்



பைத்துல் முகத்தஸ் என்னும் பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் இல்லை. அது நமது முதல் கிப்லா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபின் பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் வரை அத்திசை நோக்கியே தொழுகை நடைபெற்றது. மிஃராஜ் இரவு வரும்போதெல்லாம் நமது பள்ளிவாசல் மிம்பர்களில் அந்நகரின் சிறப்பு எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் அந்நகரம் இன்று எந்த நாட்டின் சட்டப்படியான பகுதி என்று கேட்டால், நம் சமுதாய மக்களிடையே இரண்டு விடைகளே பெரிதும் உலவுகின்றன. 'ஐ.நா. சபை அதைப் பாலஸ்தீனத்திற்கு வழங்கியது; இஸ்ரேல் பறித்துக்கொண்டது' என்பது ஒன்று. 'வென்றவன் கைக்குப் போய்விட்டது. இனிச் சட்டம் பேசிப் பயன் என்ன?' என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. முதலாவது, ஆவணங்களில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. இரண்டாவது, ஆவணங்களில் இருப்பதைக் கைவிட்டுவிடுகிறது. உரிமை பேசுவோர் அந்த உரிமை எந்த ஏட்டில், எந்த வாசகத்தில் நிற்கிறது என்பதை அறிந்து பேசுதல் வேண்டும். ஆகவே, இவ்வாண்டு மலரில் அந்நகரின் சட்ட வரலாற்றை இயன்றவரை சுருக்கமாகவும் நடுநிலையோடும் எடுத்துரைக்க விழைகிறோம்.

மூன்று சமுதாயங்களின் திருநகரம்

யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமுதாயத்தாரும் போற்றும் நகரம் அது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், கி.பி. 638ஆம் ஆண்டளவில், போரால் தகர்க்கப்படாமல் உடன்படிக்கையின் பேரில் அந்நகரம் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கிறிஸ்தவத் தலைமைக் குரு சொஃப்ரோனியஸ் நகரை ஒப்படைத்தார். தேவாலயத்தினுள் தொழுமாறு அவர் அழைத்தபோது, பிற்காலத்தவர் அதைக் காரணம் காட்டி அவ்விடத்தைப் பள்ளிவாசலாக்கிவிடக்கூடும் என்று அஞ்சி உமர் (ரலி) மறுத்தார்கள் என்பது வரலாற்று ஏடுகளில் வழிவழியாகக் கூறப்படும் செய்தி. பிறர் வழிபாட்டுத் தலத்தின் மீது நாளை ஓர் உரிமை வழக்கு எழுந்துவிடலாகாது என்ற அந்த எச்சரிக்கையைச் சட்ட அறிவின் உச்சம் எனலாம்.

கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், கி.பி. 691-692இல், குப்பத்துஸ் ஸக்ரா எழுந்தது. 1099இல் சிலுவைப் போராளிகள் நகரைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். 1187 அக்டோபரில் சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) மீட்டபோது அத்தகைய படுகொலை நிகழவில்லை. யூதர்களும் மீண்டும் அங்குக் குடியேற அனுமதிக்கப்பட்டனர். 1516ஆம் ஆண்டின் இறுதியில் நகரம் உதுமானியர் வசமாயிற்று. இன்று நாம் படங்களில் காணும் மதிற்சுவர், சுல்தான் சுலைமான் காலத்தில் எழுப்பப்பட்டது.

'உள்ளது உள்ளபடி' என்னும் ஒழுங்கு

திருத்தலங்களில் எந்தப் பிரிவினருக்கு எந்த அளவு உரிமை என்ற தகராறு, கிறிஸ்தவப் பிரிவுகளிடையேதான் முதலில் முற்றியது. உதுமானிய அரசு 1757இலும் 1852இலும் பிறப்பித்த ஃபர்மான்கள், அப்போது எவர் எதை வைத்திருந்தாரோ அதுவே தொடரும் என்று கட்டளையிட்டன. 1878ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கை, திருத்தலங்களின் இந்நிலையை மாற்றலாகாது என்று ஐரோப்பிய வல்லரசுகளின் கையொப்பத்தோடு உறுதிசெய்தது. இதனை 'உள்ளது உள்ளபடி' ஒழுங்கு என்று அழைக்கலாம். கிறிஸ்தவர்களின் முதன்மையான தேவாலயத்தின் சாவியும் வாயிற்காவலும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இன்றுவரை இருந்து வருவது இந்த ஒழுங்கின் கண்கூடான சான்றாகும்.

ஆணையாட்சியும் புராக் சுவர் வழக்கும்

முதல் உலகப்போரில் 1917 டிசம்பர் 9ஆம் நாள் நகரம் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், நவம்பர் 2ஆம் நாள், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தெரிவிக்கும் பால்ஃபர் பிரகடனத்தைப் பிரிட்டன் வெளியிட்டிருந்தது. 1922இல் சர்வதேச சங்கம் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனின் ஆணையாட்சிக்கு உட்படுத்தியது. ஆணையாட்சி என்பது உரிமை மாற்றம் அன்று. ஒரு சிறுவனின் சொத்தைக் காப்பாளர் பராமரிப்பது போன்ற பொறுப்பு அது. மக்கள் தம்மைத் தாமே ஆளும் நிலை எய்தும் வரை பாதுகாப்பதே அதன் நோக்கம். பாலஸ்தீன மக்களின் சுயநிர்ணய உரிமை வாதத்திற்கு முதல் வேர் இங்கேதான் இருக்கிறது.

1929இல் ஹரம் ஷரீஃபின் மேற்குச் சுவர் குறித்துப் பெருங்கலவரம் மூண்டு, இரு தரப்பிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முஸ்லிம்கள் அதனைப் புராக் சுவர் என்றும், யூதர்கள் தம் பழைய ஆலயத்தின் எஞ்சிய சுவர் என்றும் போற்றுகின்றனர். சர்வதேச சங்கத்தின் ஒப்புதலோடு ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவர் ஆணையம் 1930இல் ஜெருசலம் சென்று, இரு தரப்புச் சாட்சிகளையும் ஆவணங்களையும் ஆராய்ந்தது. அந்த மூவரில் முஸ்லிமும் இல்லை, யூதரும் இல்லை.

அவர்களின் முடிவு நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. மேற்குச் சுவர் ஹரம் ஷரீஃபின் பிரிக்கவியலாத பகுதி, வக்ஃபு சொத்து, அதன் உடைமை முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது. அதன் முன்னுள்ள நடைபாதையும் அடுத்திருந்த மஃக்ரிபிக் குடியிருப்பும் அவ்வாறே. அதே சமயம், யூதர்கள் எக்காலமும் அங்குச் சென்று வழிபட உரிமை உடையவர்கள். சுவரருகே யூதர்கள் ஷோஃபார் எனும் கொம்பை ஊதலாகாது. யூதர்கள் வழிபடும் வேளையில் அவர்களுக்குத் தொல்லையாகும் வகையில் முஸ்லிம்கள் அருகில் திக்ரு மஜ்லிஸ் நடத்தலாகாது. உடைமை ஒருவருக்கு, வழிபாட்டு உரிமை மற்றவருக்கு என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய இத்தீர்ப்பு, 1931இல் பிரிட்டிஷ் அரசாணையாகச் சட்ட வலிமை பெற்றது.

1947: எவருக்கும் வழங்கப்படாத நகரம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் பொறுப்பிலிருந்து விலக முடிவு செய்து, விவகாரத்தை ஐ.நா. சபையிடம் விட்டது. பொதுச்சபை 1947 நவம்பர் 29ஆம் நாள் 181ஆம் இலக்கத் தீர்மானத்தை 33க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. பாலஸ்தீனத்தை ஓர் அரபு நாடாகவும் ஒரு யூத நாடாகவும் பிரிக்க அது பரிந்துரைத்தது.

ஜெருசலமோ இவ்விரு நாடுகளில் எதற்கும் வழங்கப்படவில்லை. பெத்லஹேமையும் சுற்றுக் கிராமங்களையும் உள்ளடக்கி, அது தனித்த சர்வதேச நகரமாக ஐ.நா.வின் பொறுப்பாட்சிச் சபையின் கீழ் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. இரு நாடுகளில் எதற்கும் குடிமகனாக இல்லாத ஓர் ஆளுநர் அதனை நிர்வகிப்பார். பத்தாண்டுகளுக்குப் பின் ஏற்பாடு மறுபரிசீலனைக்கு வரும். அத்தனி நகரில் அமையவிருந்த மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள். ஒரு லட்சத்து ஐயாயிரம் அரபியரும் பிறரும் என்று ஐ.நா. குழு கணக்கிட்டிருந்தது.

யூத முகமை இத்திட்டத்தை ஏற்றது. அரபு நாடுகள் நிராகரித்தன. தம் நாட்டைத் தம் ஒப்புதலின்றிப் பிரிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது அவர்களின் வாதம். பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரையே அன்றிக் கட்டளை அன்று என்பதும் உண்மை. எனினும் 1948 டிசம்பரின் 194ஆம் தீர்மானமும், 1949 டிசம்பரின் 303ஆம் தீர்மானமும் நகரம் சர்வதேசப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தின. ஆகவே, ஐ.நா. அந்நகரை எவருக்கும் கொடுக்கவில்லை என்பதே சரியான விடை.

1948 முதல் 1967 வரை: பிளவுண்ட நகரம்

திட்டம் ஏட்டில் இருக்க, களத்தில் போர் மூண்டது. போர் ஓய்ந்தபோது மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்த பழைய நகரம் உள்ளிட்ட கிழக்குப் பகுதி ஜோர்தானிடமும் இருந்தன. 1949 ஏப்ரல் 3ஆம் நாள் கையொப்பமான போர்நிறுத்த உடன்படிக்கை இதற்கிடையே ஒரு கோட்டை வரைந்தது. பச்சைக் கோடு என்று பின்னர் பெயர் பெற்ற அது, நாட்டெல்லை அன்று. இறுதித் தீர்வைப் பாதிக்காத படைக்கோடு மட்டுமே என்று அந்த உடன்படிக்கையே தெளிவுபடுத்தியது.

இஸ்ரேல் நாடாளுமன்றம் 1950 ஜனவரியில் ஜெருசலத்தைத் தலைநகராக அறிவித்தது. ஜோர்தான் அதே ஆண்டு ஏப்ரலில் மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. உலகம் இவ்விரண்டில் எதனையும் முழுமையாக ஏற்கவில்லை. ஜோர்தானின் இணைப்பை ஏற்ற பிரிட்டனும் ஜெருசலத்தை மட்டும் விலக்கி, அங்கு நடைமுறை ஆட்சி இருப்பதையே ஒப்புக்கொண்டது. சட்ட இறையாண்மையை ஒப்பவில்லை.

நீதி பேசுவோர் இரு பக்கமும் பேச வேண்டும். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் யூதர்கள் மேற்குச் சுவருக்குச் செல்ல இயலவில்லை. உடன்படிக்கை வாக்களித்த வழி திறக்கப்படவில்லை. பழைய நகரின் யூதக் குடியிருப்பில் இருந்த தொழுகைக்கூடங்களும் அழிக்கப்பட்டன. மறுபுறம், மேற்கு ஜெருசலத்தின் தல்பியா, கத்தமோன், பக்கா முதலிய குடியிருப்புகளிலிருந்து வெளியேறிய பாலஸ்தீனர்களின் வீடுகள், 1950ஆம் ஆண்டின் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' வழியே இஸ்ரேல் அரசின் பொறுப்பிற்குச் சென்றன. அவ்வீடுகள் அவர்களுக்குத் திரும்பவில்லை.

1967: சட்டத்தின் மையப்புள்ளி

1967 ஜூன் 7ஆம் நாள் இஸ்ரேலியப் படை பழைய நகரைக் கைப்பற்றியது. நான்கே நாட்களுக்குள் மஃக்ரிபிக் குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. சலாஹுத்தீன் அய்யூபியின் புதல்வர் அல்-அஃப்ழல், 1193ஆம் ஆண்டளவில் வக்ஃபு செய்த குடியிருப்பு அது. ஏறத்தாழ 135 வீடுகள் இருந்த இடத்தில்தான் இன்று மேற்குச் சுவரின் முன்னுள்ள பெருஞ்சதுக்கம் விரிந்து கிடக்கிறது.

அம்மாத இறுதியில், ஜோர்தான் காலத்து நகரின் சுமார் 6 சதுர கிலோமீட்டரோடு சுற்றுக் கிராமங்களின் நிலங்களையும் சேர்த்து, மொத்தம் சுமார் 70 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கு இஸ்ரேல் தன் சட்டத்தை நீட்டித்தது. உலகின் கண்டனம் எழுந்தபோது இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் அப்பா எபன் ஐ.நா. பொதுச்செயலருக்கு எழுதிய கடிதத்தில், இது நாட்டு இணைப்பு அன்று, நகராட்சி நிர்வாக ஒருங்கிணைப்பே என்று விளக்கம் தந்தார். பொதுச்சபை ஏற்கவில்லை. 1967 ஜூலை 4ஆம் நாளின் 2253ஆம் தீர்மானம், நகரின் நிலையை மாற்றும் நடவடிக்கைகள் செல்லாதவை என்று 99 வாக்குகளோடு, எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறியது.

இங்கு இயங்கும் சட்டக் கோட்பாடுகள் மூன்று. முதலாவது, போரினால் நிலம் தேட முடியாது என்பது. பழங்காலத்தில் வென்றவனுக்கே நிலம் என்பது உலக வழக்கு. 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் படைவலிமைப் பயன்பாட்டைத் தடைசெய்தபோது அவ்வழக்கு முடிவுற்றது. 1967 நவம்பரில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தின் முகப்புரை இக்கோட்பாட்டையே எடுத்துரைக்கிறது. இரண்டாவது, 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் கூறுவது. ஆக்கிரமித்த படை, முற்றிலும் இயலாத நிலை தவிர, அந்நாட்டில் நடப்பிலிருந்த சட்டங்களை மதித்தே நிர்வகிக்க வேண்டும். மூன்றாவது, 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் கூறுவது. ஆக்கிரமித்த நாடு தன் சொந்தக் குடிமக்களை அந்நிலத்தில் குடியேற்றலாகாது. நிலத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டேன் என்று அறிவிப்பதால் அங்குள்ள மக்களின் பாதுகாப்பு உரிமை அற்றுப்போகாது.

இஸ்ரேலின் வாதமும் மறுமொழியும்

எதிர்த் தரப்பின் வாதத்தை அறியாமல் நம் தரப்பை நிலைநாட்ட முடியாது. இஸ்ரேல் கூறுவது இதுதான்: 1948இல் ஜோர்தான் கிழக்கு ஜெருசலத்தைப் போரினாலேயே கைப்பற்றியது, அதன் இணைப்பை உலகம் ஏற்கவில்லை, எனவே 1967இல் அந்நிலத்திற்குச் சட்டப்படியான உரிமையாளர் எவருமில்லை, தற்காப்புப் போரில் நாங்கள் பெற்றோம், உரிமையாளரற்ற நிலத்தை ஆக்கிரமிப்பு என்று அழைக்க இயலாது. இவ்வாதத்தைப் பெயர் பெற்ற சட்ட அறிஞர்கள் சிலரும் ஆதரித்து எழுதியுள்ளனர்.

இதற்கு சர்வதேச நீதிமன்றம் 2004இல் அளித்த விடை சுருக்கமானது. இஸ்ரேல், ஜோர்தான் ஆகிய இரண்டும் ஜெனீவா ஒப்பந்தத்தில் இணைந்த நாடுகள். இரு உறுப்பு நாடுகளிடையே போர் மூண்டு, அதில் ஒரு நிலம் கைப்பற்றப்பட்டால் ஒப்பந்தம் செல்லுபடியாகும். அந்நிலத்தின் மீது முன்பு எவருக்கு உரிமை இருந்தது என்று ஆராய வேண்டியதில்லை. இதன் உட்பொருள் எளிது. ஒரு வீட்டில் இருந்தவரின் பட்டா குறைபாடுடையது என்பதால், கதவை உடைத்து நுழைந்தவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். மேலும், அந்நிலத்தில் வாழும் மக்களுக்கு ஜோர்தானின் வழியாக அன்று, தம் சொந்த நிலையிலேயே சுயநிர்ணய உரிமை உண்டு. ஜோர்தான் 1988 ஜூலையில் மேற்குக் கரையோடு தன் சட்டத் தொடர்பை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், ஜெருசலத்தைத் தலைநகராகக் கொண்டு பாலஸ்தீன அரசு அல்ஜீரியாவில் பிரகடனம் செய்யப்பட்டது.

தலைநகரச் சட்டமும் தூதரகங்களும்

1980 ஜூலை 30ஆம் நாள், முழுமையான ஒன்றுபட்ட ஜெருசலம் இஸ்ரேலின் தலைநகர் என்று இஸ்ரேல் அடிப்படைச் சட்டம் இயற்றியது. மூன்று வாரங்களில் பாதுகாப்புச் சபை 478ஆம் தீர்மானத்தை 14 வாக்குகளுடன் நிறைவேற்றியது. அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது, ஆனால் தடுக்கவில்லை. அச்சட்டம் செல்லாதது என்றும், அந்நகரில் தூதரகம் வைத்துள்ள நாடுகள் அவற்றை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அத்தீர்மானம் கூறியது. நெதர்லாந்து உள்ளிட்ட 13 நாடுகள் தம் தூதரகங்களை அங்கிருந்து அகற்றின.

அமெரிக்க நாடாளுமன்றம் 1995இல் தூதரக மாற்றச் சட்டம் இயற்றியபோதும், அடுத்தடுத்து வந்த அதிபர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதனை ஒத்திவைத்தே வந்தனர். 2017 டிசம்பர் 6ஆம் நாள் அதிபர் டிரம்ப் அக்கொள்கையை மாற்றினார். 2018 மே 14ஆம் நாள் தூதரகம் ஜெருசலத்தில் திறக்கப்பட்டது. பாதுகாப்புச் சபையில் இதற்கெதிரான தீர்மானத்தைப் பதினான்கு நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா தன் தடுப்பு வாக்கால் வீழ்த்தியது. பின்னர் பொதுச்சபை 128க்கு 9 என்ற வாக்குகளில் அம்மாற்றத்தை ஏற்க மறுத்தது. 35 நாடுகள் ஒதுங்கின. குவாத்தமாலா உள்ளிட்ட சில நாடுகள் அமெரிக்காவைப் பின்பற்றின. 2018இல் மேற்கு ஜெருசலத்தைத் தலைநகராக ஏற்ற ஆஸ்திரேலியா, 2022இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரும்பான்மை நாடுகள் டெல் அவீவிலேயே தூதரகம் வைத்துள்ளன. மேற்குப் பகுதியின் இறையாண்மையும் இறுதிப் பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டிய ஒன்று என்பதே அந்நாடுகள் பலவற்றின் நிலை.

ஹரம் ஷரீஃபின் நிர்வாகம்

ஏறக்குறைய 35 ஏக்கர் பரப்புள்ள ஹரம் ஷரீஃப் முழுவதையும் இஸ்லாமிய வக்ஃபு நிர்வாகம் பராமரிக்கிறது. ஊழியர்களுக்கு ஊதியம் வழங்குவது ஜோர்தான் அரசு. 1967க்குப் பின்னும் உள் நிர்வாகம் வக்ஃபிடமே விடப்பட்டது. வாயில்களின் பாதுகாப்பும் மஃக்ரிபி வாயிலின் சாவியும் இஸ்ரேல் வசமாயின. 1994ஆம் ஆண்டு இஸ்ரேல்-ஜோர்தான் சமாதான உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, ஜெருசலத்தின் முஸ்லிம் திருத்தலங்களில் ஜோர்தானுக்குள்ள சிறப்புப் பொறுப்பை மதிப்பதாக இஸ்ரேலின் கையொப்பத்துடன் கூறுகிறது. 2013இல் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸும் ஜோர்தான் மன்னரும் செய்துகொண்ட உடன்பாடு அப்பொறுப்பை மீண்டும் உறுதிசெய்தது. 1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் மஸ்ஜிதுல் அக்ஸாவின் தொன்மையான மிம்பர் எரிந்தது. அதன் எதிரொலியாக அடுத்த மாதமே ரபாத் நகரில் கூடிய முஸ்லிம் நாடுகளின் மாநாட்டில் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு உருவாயிற்று.

நகரவாசிகளின் நிலை

சட்டநிலை என்பது வரைபடத்தைப் பற்றியது மட்டுமன்று. வீட்டில் வாழும் மனிதரைப் பற்றியது. கிழக்கு ஜெருசலத்தின் பாலஸ்தீனர்களுக்கு 1967இல் வழங்கப்பட்டது குடியுரிமை அன்று, 'நிரந்தர வசிப்போர்' என்ற தகுதி. வெளியிலிருந்து வந்து குடியேறிய அயல்நாட்டவருக்குரிய சட்டத்தின் கீழ், தம் முன்னோர் பிறந்த மண்ணிலேயே அவர்கள் வசிக்கின்றனர். படிப்பிற்கோ பிழைப்பிற்கோ சில ஆண்டுகள் வெளியில் இருந்தால் அத்தகுதி பறிபோகலாம். 1967 முதல் 2016 வரை அவ்வாறு 14,500க்கு மேற்பட்டோர் வசிப்புரிமை இழந்தனர்.

சொத்துரிமையிலும் இரட்டை அளவுகோல் உள்ளது. 1948க்கு முன் கிழக்குப் பகுதியில் யூதர்களுக்கு இருந்த நிலத்தை மீட்க 1970ஆம் ஆண்டின் இஸ்ரேலியச் சட்டம் வழிசெய்கிறது. மேற்குப் பகுதியில் வீடிழந்த பாலஸ்தீனர்களுக்கு அத்தகைய வழி இல்லை. ஷேக் ஜர்ராஹ் குடியிருப்பின் வெளியேற்ற வழக்குகளின் வேர் இதுவே.

சர்வதேச நீதிமன்றத்தின் இரு கருத்துரைகள்

2004 ஜூலை 9ஆம் நாள், தடுப்புச் சுவர் குறித்த ஆலோசனைக் கருத்தில், கிழக்கு ஜெருசலம் உட்பட 1967இல் கைப்பற்றப்பட்ட பகுதிகள் ஆக்கிரமிக்கப்பட்ட நிலங்களே என்று நீதிமன்றம் கூறியது. சுவர் சட்டவிரோதமானது என்பதில் 15 நீதிபதிகளில் 14 பேர் ஒன்றுபட்டனர். 2016 டிசம்பரில் பாதுகாப்புச் சபையின் 2334ஆம் தீர்மானம், கிழக்கு ஜெருசலம் உள்ளிட்ட பகுதிகளின் குடியேற்றங்களுக்குச் சட்ட வலிமை இல்லை என்று உரைத்தது.

2024 ஜூலை 19ஆம் நாள் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. தனித்தனிச் செயல்கள் மட்டுமன்றி, ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்திருப்பதே சட்டவிரோதம். இயன்ற விரைவில் அது முடிவுக்கு வரவேண்டும் என்று 11க்கு 4 என்ற வாக்குகளில் கருத்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பொதுச்சபை, 12 மாதங்களில் அதனைச் செயல்படுத்துமாறு 124க்கு 14 என்ற வாக்குகளில் கோரியது. 43 நாடுகள் ஒதுங்கின. அக்கெடு 2025 செப்டம்பரில் கடந்தது. ஆக்கிரமிப்போ முடிவுறவில்லை. எனினும் அதே மாதத்தில், பால்ஃபர் பிரகடனத்தை வெளியிட்ட பிரிட்டனே பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது.

இந்தியாவும் அல்குத்ஸும்

நம் நாட்டுக்கும் அந்நகருக்குமுள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. பழைய நகரின் பாபுஸ் ஸாஹிரா வாயிலருகே பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களின் நினைவைத் தாங்கிய இந்திய ஸாவியா இன்றும் உள்ளது. 1924இல் சஹாரன்பூரிலிருந்து சென்ற ஒருவரின் வழித்தோன்றல்கள் அதனைப் பராமரித்து வருகின்றனர். கிலாஃபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலீ 1931 ஜனவரி 4ஆம் நாள் லண்டனில் மரணமடைந்து, ஹரம் ஷரீஃபை ஒட்டிய இடத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

1947இல் ஐ.நா. சிறப்புக் குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும், பிரிவினைக்கு மாறாக, ஜெருசலத்தைத் தலைநகராகக் கொண்ட ஒரே கூட்டாட்சி நாட்டைப் பரிந்துரைத்தன. பொதுச்சபையில் இந்தியா பிரிவினையை எதிர்த்தே வாக்களித்தது. 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 2012இல் அதற்கு ஐ.நா.வில் பார்வையாளர் நாடு என்ற தகுதி கிடைக்க ஆதரவளித்தது. 2017இல் ஜெருசலம் குறித்த தீர்மானத்தை ஆதரித்த 128 நாடுகளில் ஒன்றாக நின்றது. 2024 செப்டம்பர் தீர்மானத்தில் ஒதுங்கிய நாடுகளில் ஒன்றாகவும் இருந்தது. முன்னைய நிலைக்குத் திரும்புமாறு நம் அரசைச் சட்ட வரம்பிற்குட்பட்டுக் கோருவது குடிமக்களாகிய நம் உரிமை.

நாம் பெறும் படிப்பினை

அப்படியாயின் சட்டத்தால் ஆன பயன் என்ன என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். 1930இன் தீர்ப்பு 1967இன் இயந்திரங்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது கசப்பான உண்மை. ஆனால் 1967 முதல் இன்றுவரை, எல்லா வலிமையும் பெற்றிருந்தும், கிழக்கு ஜெருசலம் தனக்கே உரியது என்று உலக நாடுகளின் பெரும்பான்மையை ஏற்கச் செய்ய இஸ்ரேலால் இயலவில்லை. காலம் கடந்தால் அபகரிப்பு உரிமையாகிவிடும் என்ற கணக்கைப் பொய்யாக்கி வைத்திருப்பது இந்த ஏடுகளே. சட்டம் விடுதலையைத் தரவில்லை. ஆனால் வழக்கை உயிரோடு வைத்திருக்கிறது.

ஆகவே, ஜமாஅத்தார்கள் மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டுகிறோம். ஒன்று, இது ஓர் அரசின் ஆக்கிரமிப்பைப் பற்றிய வழக்கு. யூத மதத்தவர் அனைவர் மீதும் பகை பாராட்ட இதில் இடமில்லை. அவர்களின் வழிபாட்டு உரிமையை மறுத்து நம் உரிமையை நிலைநாட்ட முடியாது. இரண்டு, ஆதாரமற்ற செய்திகளைப் பரப்புவது நம் வழக்கைப் பலவீனப்படுத்தும். ஆண்டையும் தீர்மான எண்ணையும் அறிந்து பேசுவோரின் சொல்லுக்கே மதிப்பு உண்டு.

மூன்றாவது நம் ஊரைப் பற்றியது. மூவர் ஆணையத்தின் முன் முஸ்லிம்களின் பக்கம் நின்றவை வக்ஃபு ஆவணங்களும் நீண்டகால அனுபோகச் சான்றுகளுமே. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வக்ஃபு, அயல்நாட்டார் மூவரை ஒப்புக்கொள்ளச் செய்தது. நமது பள்ளிவாசல், மதரஸா, மையவாடி ஆகியவற்றின் வக்ஃபு சாசனங்களும் பட்டாக்களும் வரி ரசீதுகளும் எந்தப் பெட்டியில், எந்த நிலையில் இருக்கின்றன? படியெடுத்துப் பாதுகாக்கப்பட்டுள்ளனவா? அல்குத்ஸின் வக்ஃபுக்காகக் கண்ணீர் சிந்தும் சமுதாயம், தன் ஊர் வக்ஃபின் தாள்களைக் கரையானுக்கு விடலாகாது.

புனித நகரில் நீதியுடன் கூடிய அமைதி நிலவவும், அங்கு வாழும் மக்கள் அச்சமின்றித் தம் வீடுகளில் உறங்கவும், எல்லாச் சமுதாயத்தாரும் தத்தம் தலங்களில் தடையின்றி வழிபடவும் வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.